பவளத்துக்குப் பத்தியச் சாப்பாடு

சென்ற மாதக் கூட்டம் முடிந்து எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, "ஆறு மாதம் அமெரிக்காவில் என்னதான் செய்தீர்கள்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். "ஒரு பவளத்துக்குச் சாப்பாடு ஊட்டினேன்" என்றேன். அவர் நான் வேடிக்கை பேசுவதாக நினைத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்த அம்மாள் தம் விரலில் இருந்த மோதிரத்தைக் காட்டி, "இதுக்கா?" என்றார். எல்லோரும் சிரித்தோம். நம் பத்திரிகை ஆசிரியர் மட்டும் சிரிக்காமல், "அதையே எழுதிக் கொடுத்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டார். ஆகவே இந்தக் கட்டுரை.

முதலில் அந்த மோதிரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. செவ்வாய்க்கு உகந்தது என்று நாம் அணியும் செம்பவளம், பெரும்பாலும் மத்தியதரைக் கடலில் வெளிச்சம் குறைந்த ஆழத்தில் வளரும் ஒரு வகை. அதன் எலும்பைத்தான் பட்டை தீட்டி மோதிரத்தில் வைக்கிறார்கள். நான் சொல்ல வருவது, வெப்பமண்டலக் கடலில் சூரிய வெளிச்சத்தில் வாழ்ந்து, பவளப்பாறைகளைக் கட்டும் கூட்டத்தைச் சேர்ந்த கல் பவளம். இரண்டும் உறவுதான், ஆனால் குடும்பம் வேறு.

என் சொந்த ஊர் தூத்துக்குடி. சிறு வயதில், வள்ளங்களில் ஏற்றிவந்த முருகைக்கல்லைக் காளவாயில் போட்டுச் சுண்ணாம்பாகச் சுடுவதைப் பார்த்திருக்கிறேன். கல்லைச் சுடுகிறார்கள் என்றுதான் எண்ணினேன். பிற்பாடு மும்பைக்கு வந்து, 31 வருடம் பள்ளியில் வேதியியல் ஆசிரியையாக வேலை பார்த்தேன். கால்சியம் கார்பனேட்டைச் சூடாக்கினால் சுண்ணாம்பும் கரியமில வாயுவும் கிடைக்கும் என்று எத்தனை முறை கரும்பலகையில் எழுதியிருப்பேன்! அந்தக் கல்லை ஒரு உயிர் கட்டியது என்று ஒரு நாளும் சொல்லிக் கொடுத்ததில்லை. அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவன் ஆறாம் வகுப்புப் படிக்கும் என் பேரன்.

புயல் வந்தது

2024 ஜூன் இரண்டாம் வாரம், ஹூஸ்டன் நகரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் 200 லிட்டர் பிடிக்கும் கடல்நீர்த் தொட்டி ஒன்று இருந்தது. ஆரஞ்சும் வெள்ளையுமாக இரண்டு கோமாளி மீன்கள், சில மென்பவளங்கள், மணலில் உட்கார்ந்தபடி ஒரு மூளைப் பவளம். டிராக்கிஃபில்லியா என்பது அதன் பெயர். உள்ளங்கை அகலம். சிவப்பு நிறம், மடிப்புகளில் பச்சைக் கோடு. பஞ்சு மெத்தை மாதிரி உப்பியிருக்கும். பேரன் தன் பிறந்தநாள் பணத்தில் வாங்கியது.

ஜூலை 8ஆம் தேதி விடியற்காலை பெரில் என்ற புயல் டெக்சஸ் கரையைக் கடந்தது. ஹூஸ்டன் வட்டாரத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் போயிற்று. எங்கள் வீட்டில் நாலு நாள் மின்சாரம் இல்லை. வெளியே வெயில் கொளுத்துகிறது, குளிர்சாதனம் கிடையாது. தொட்டியின் வெப்பநிலை 26 டிகிரியிலிருந்து 32 டிகிரிக்கு ஏறிவிட்டது. நீரைச் சுழற்றும் பம்ப் நின்றுபோயிற்று.

நீர் சூடானால் அதில் கரைந்திருக்கும் பிராணவாயு குறையும். சுழற்சியும் இல்லை என்றால் காற்றிலிருந்து புதிதாகவும் கரையாது. முதல் நாள் இரவே மீன்கள் இரண்டும் செத்துவிட்டன. இரண்டாம் நாள் மாப்பிள்ளை எங்கிருந்தோ பாட்டரியில் ஓடும் காற்று பம்ப் ஒன்றை வாங்கி வந்தார். அதற்குள் மென்பவளங்கள் கூழாகிவிட்டன. நாலாம் நாள் மாலை விளக்கு எரிந்தபோது தொட்டியில் மிச்சம் இருந்தவை நாலைந்து சங்கு நண்டுகளும், மூளைப் பவளமும்தான். அதுவும் எப்படி? சிவப்பு போய் வெளிறிக் கிடந்தது. உப்பியிருந்த சதை வற்றி எலும்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் சதையே இல்லாமல், கத்தி முனை போன்ற வெள்ளை எலும்பு வெளியே தெரிந்தது.

"அத்தை, இது தேறாது. தொட்டியைக் கழுவி வைத்துவிடலாம்" என்றார் மாப்பிள்ளை. பேரன் ஒன்றும் பேசவில்லை. தொட்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டான். இரவு சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. "ஆச்சி, அது இன்னும் சாகல. நீ கெமிஸ்ட்ரி டீச்சர்தானே?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்?

வெளிறுவது சாவது அல்ல

பவளம் ஒரு பிராணி. ஜெல்லி மீனுக்கும் கடல் சாமந்திக்கும் உறவு. வாய் ஒன்று, அதைச் சுற்றிக் கொடுக்குள்ள விரல்கள், உள்ளே ஒரு பை. இந்தப் பிராணி தனக்கு அடியில் கால்சியம் கார்பனேட்டைப் படிய வைத்து எலும்பைக் கட்டிக்கொள்கிறது.

அதன் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் லட்சக்கணக்கில் குடியிருக்கின்றன. அவை வெளிச்சத்தைக் கொண்டு சர்க்கரை தயாரிக்கின்றன. பவளத்துக்கு வேண்டிய சக்தியில் 90 சதவீதம் வரைக்கும் இந்தக் குடித்தனக்காரர்கள் தருகிற வாடகைதான். நீர் சூடாகும்போது பாசியின் வேலை கெட்டு, அதிலிருந்து நச்சுத்தன்மையுள்ள பிராணவாயுச் சேர்மங்கள் வெளியாகின்றன. அப்போது பவளம் பாசிகளை வெளியே தள்ளிவிடும். பழுப்பு நிறம் போனதும் கண்ணாடி போன்ற சதை வழியாக வெள்ளை எலும்பு தெரியும். இதைத்தான் வெளிறுதல் என்கிறார்கள்.

ஆகவே வெளிறிய பவளம் பட்டினி கிடக்கும் பவளம், பிணம் அல்ல. சதை இருக்கிற இடத்தில் உயிர் இருக்கிறது. சீக்கிரம் சூழ்நிலையைச் சரிசெய்தால் மிச்சமிருக்கும் பாசிகள் பெருகித் திரும்பவும் நிறம் வரும். காலம் கடந்தால் பட்டினியிலேயே முடிந்துபோகும். சதை போய் எலும்பு மட்டும் இருக்கிற இடம் வேறு கதை. பக்கத்துச் சதை மெல்லப் படர்ந்து வந்து மூடினால்தான் உண்டு.

முதலுதவி: தண்ணீர்

ஆஸ்பத்திரியில் காயம்பட்டவரைக் கொண்டுபோனால் முதலில் மூச்சு, ரத்த ஓட்டம் பார்ப்பார்கள். தொட்டியில் நீரோட்டமும் நீரின் தரமும்தான் அவை.

செத்த உயிர்கள் அழுகும்போது புரதத்திலிருந்து அம்மோனியா வரும். நல்ல காலத்தில் தொட்டிக் கற்களில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றிவிடும். அந்த பாக்டீரியாக்களுக்கும் பிராணவாயு வேண்டும். நாலு நாள் மூச்சுத் திணறலில் அவையும் நலிந்திருந்தன. சோதனைப் புட்டியில் நீரை எடுத்து மருந்துச் சொட்டு விட்டதும் பச்சையாக மாறியது. அம்மோனியா சுழியமாக இருக்க வேண்டிய தொட்டியில் இந்த நிறம் தெரிந்தால் ஆபத்து.

செத்தவை எல்லாவற்றையும் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தோம். பிறகு இரண்டு நாளுக்கு ஒரு முறை, கால் பங்கு நீரை மாற்றினோம். குழாய்த் தண்ணீர் ஆகாது. அதில் குளோரின் சேர்மங்களும் பாசியை வளர்க்கும் உப்புகளும் இருக்கும். சுத்திகரித்த நீரில், லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் வீதம் கடலுப்புக் கலவை சேர்த்து, ஒரு நாள் முழுக்க பம்ப் வைத்துக் கலக்கி, வெப்பநிலையைத் தொட்டிக்குச் சமமாக்கி ஊற்ற வேண்டும். சமையல் உப்பு போதாதா என்று என் மகளே கேட்டாள். சமையல் உப்பு வெறும் சோடியம் குளோரைடு. கடலில் மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், சல்பேட், பைகார்பனேட் எல்லாம் உண்டு. பவளம் எலும்பு கட்டுவது இவற்றைக் கொண்டுதான்.

நாங்கள் எழுதி ஒட்டி வைத்த அளவுகள் இவை: வெப்பநிலை 25 முதல் 26 டிகிரி, நீரின் ஒப்படர்த்தி 1.025, கால்சியம் லிட்டருக்கு 420 மில்லிகிராம், மெக்னீசியம் 1300, காரத்தன்மை 8 முதல் 9 டிகிரி, அம்மோனியா சுழியம். பேரன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தினமும் குறித்து வந்தான். ஒன்றைச் சொல்ல வேண்டும். அளவு கொஞ்சம் கூடக் குறைய இருந்தால் பவளம் பொறுத்துக்கொள்ளும். இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று என்று ஊசலாடினால் பொறுக்காது. சூடான தொட்டியில் பனிக்கட்டியைப் போட்டுச் சட்டென்று குளிரவைப்பதும் இதே தவறுதான்.

இன்னொரு சின்ன விஷயம். தொட்டி நீர் ஆவியாகிக் குறைந்தால் உப்பில்லாத சுத்த நீரைத்தான் ஊற்ற வேண்டும். ஆவியாவது தண்ணீர் மட்டும். உப்பு உள்ளேயேதான் இருக்கும். மறுபடி உப்புநீரையே ஊற்றினால் தொட்டி ஊறுகாய் ஜாடி ஆகிவிடும்.

படுக்கையும் வெளிச்சமும்

பாசியை இழந்த பவளத்துக்கு வெளிச்சம் வேண்டும், ஆனால் பழைய அளவு வெளிச்சம் கூடாது. கண் வலிக்காரரைக் கொண்டுபோய் வெயிலில் நிறுத்துவது போலாகிவிடும். விளக்கை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தோம். ஆறு வாரம் கழித்துத்தான் வாரத்துக்குக் கொஞ்சமாகக் கூட்டினோம்.

இந்த வகைப் பவளம் கடலிலும் பாறை மேல் ஒட்டி வளர்வதில்லை. பாறைகளுக்கு அருகே மணலிலும் சேற்றிலும் தனியாகக் கிடக்கும். ஆகவே மென்மணலில், நேரான நீரோட்டம் படாத மூலையில் வைத்தோம். நீரோட்டம் பலமாக இருந்தால் மெலிந்த சதை தன் எலும்பின் கூரிலேயே உரசிக் கிழிந்துவிடும். ஓட்டமே இல்லாவிட்டாலோ அழுக்கு படிந்து சதை அழுகும். இளம் காற்றில் வேட்டி அசைவது மாதிரி சதை லேசாக அசைந்தால் சரி.

வெறும் எலும்பில் பச்சைப் பாசி முளைக்கும். அதை விட்டுவிட்டால் சதை அந்தப் பக்கம் படர முடியாது. குழந்தைகளுக்கான மெல்லிய பல் தூரிகையால் வாரம் ஒரு முறை எலும்பை மட்டும் துடைத்தோம். சதையின் ஓரத்தில் தூரிகை பட்டுவிடக் கூடாது. தொட்டியில் கை விடும்போதெல்லாம் கையுறை போட்டுக்கொண்டோம். பொத்தான் பவளங்கள் என்று விற்கிற சிலவற்றில் கொடிய நஞ்சு உண்டு. கையில் கீறல் இருந்தால் ஆபத்து. அந்தக் கற்களை வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைத்தால் அதைவிட ஆபத்து.

பாலாடையில் புகட்டியது

மூன்றாம் வாரம். அம்மோனியா சுழியத்துக்கு வந்துவிட்டது. ஒரு நாள் இரவு பத்து மணிக்கு மேல் பேரன் சிவப்புத் தாளைச் சுற்றிய டார்ச் விளக்கோடு என்னை எழுப்பினான். பவளத்தின் வாய் ஓரத்தில் ஊசி முனை அளவு விரல்கள் நாலைந்து நீட்டிக்கொண்டிருந்தன. இந்தப் பிராணி இரவில்தான் இரை தேடும். விரல் நீட்டினால் பசிக்கிறது என்று அர்த்தம்.

மைசிஸ் என்று ஒரு பொடி இறாலை உறைய வைத்து விற்கிறார்கள். நம் ஊர்க் கூனியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை எடுத்து, தொட்டி நீரில் கரைத்து, நாலாக நறுக்கி, நீளச் சொட்டுக்குழாயில் உறிஞ்சி, பம்பை நிறுத்திவிட்டு, விரல் நுனியில் மெதுவாக விட வேண்டும். குழந்தைக்குப் பாலாடையில் மருந்து புகட்டுவது போலத்தான். விரல்கள் இரையைப் பற்றி வாய்க்குக் கொண்டுபோகப் பத்து, பதினைந்து நிமிடம் ஆகும். அதற்குள் சங்கு நண்டுகள் மோப்பம் பிடித்து வந்து பிடுங்கிக்கொண்டு போய்விடும். பேரன் ஒரு யோசனை செய்தான். சோடா பாட்டிலின் அடியை வெட்டி எடுத்துவிட்டு, பவளத்தின் மேல் குடை போலக் கவிழ்த்தான். மேலே வாய் வழியாகச் சொட்டுக்குழாயை விட்டோம். நண்டு வெளியே சுற்றிச் சுற்றி வந்து ஏமாந்தது. அரை மணி கழித்து பாட்டிலை எடுத்துவிட்டு மிச்சத்தை உறிஞ்சி வெளியேற்றிவிட்டு, பம்பைப் போட வேண்டும்.

வாரத்துக்கு இரண்டு முறை போதும் என்று பேரன் சொன்னான். அங்கேதான் நான் தப்புச் செய்தேன்.

மெலிந்த பிள்ளையைப் பார்த்தால் நம் கை சும்மா இருக்குமா? அவன் தூங்கிய பிறகு தினமும் இரவு நானே ஊட்டினேன். அதுவும் கூடுதலாக. முதல் நாலு நாள் வாங்கிக்கொண்டது. ஐந்தாம் நாள், தின்றதைப் பழுப்புக் கோழையாகத் துப்பியது. எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. ஒரு துண்டு இறால் மடிப்புக்குள் சிக்கி அழுகி, அந்த இடத்துச் சதை ஒரு விரல் அகலத்துக்குக் கரைந்துபோயிற்று. நைட்ரேட் அளவும் ஏறிவிட்டது. நோட்டுப் புத்தகத்தில் ஏன் இந்த ஏற்றம் என்று பேரன் தலையைச் சொறிந்துகொண்டிருந்தான். ஒரு நாள் முழுக்கச் சொல்லாமல் இருந்தேன். பிறகு சொன்னேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. "ஆச்சி, நோட்டில் அதையும் எழுதணும்" என்றான். என் கையாலேயே எழுத வைத்தான். 31 வருடம் பிள்ளைகளிடம் ஆய்வகக் குறிப்பில் உள்ளதை உள்ளபடி எழுது என்று சொன்னவள் நான்!

நோயாளிக்குப் பசி வருவது வேறு, ஜீரண சக்தி வருவது வேறு. காய்ச்சல் விட்ட மறுநாள் நம் வீடுகளில் விருந்து போடுவதில்லை, கஞ்சிதான். பத்தியம் என்பதன் பொருளை அந்தப் பவளம் எனக்கு மறுபடி சொல்லிக் கொடுத்தது. பத்து நாள் உணவை நிறுத்தி, நீரை மாற்றி, மீண்டும் வாரம் இரண்டு முறை, அரை இறால் என்று ஆரம்பித்தோம்.

தேறியது

செப்டம்பர் கடைசியில் பகல் நேரத்தில் சதை கொஞ்சம் உப்ப ஆரம்பித்தது. அக்டோபரில் மடிப்புகளில் மங்கலான பழுப்பு படர்ந்தது. அழகான நிறம் இல்லைதான். ஆனால் அதுதான் பாசிகள் குடி திரும்பியதற்கு அடையாளம். பிறகுதான் சிவப்பு வந்தது. வெறும் எலும்பின் ஓரத்தில் மெல்லிய சதை விளிம்பு ஒன்று நகர்ந்து வந்தது. பேரன் வாரா வாரம் ஒரே இடத்தில் நின்று படம் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும். அவ்வளவு மெதுவு.

டிசம்பர் முதல் வாரம் நான் புறப்பட்டபோது, பத்தில் ஏழு பங்கு சதை மூடியிருந்தது. என் தப்பால் கரைந்த இடம் இன்னும் வெள்ளையாகத்தான் இருந்தது. அது மூடாமலே போகலாம். ஆனால் பவளம் பிழைத்துவிட்டது. மாப்பிள்ளை முதல் வேலையாக ஒரு பெரிய பாட்டரி வாங்கி பம்போடு இணைத்துவிட்டார். அடுத்த புயலுக்கு அதுதான் உண்மையான மருந்து.

இங்கே வேண்டாம்

இதைப் படித்துவிட்டு யாராவது மும்பையில் இப்படி ஒன்று வளர்க்கலாமே என்று நினைத்தால், தயவுசெய்து வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் பாறை கட்டும் பவளங்கள் சேர்க்கப்பட்டன. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். 3 முதல் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. சுற்றுலா போகிற இடத்தில் யாராவது வெள்ளைப் பவளக் கிளையை அலங்காரத்துக்கு என்று நீட்டினால்கூட வாங்காதீர்கள்.

இந்தச் சட்டம் ஏன் வந்தது என்பது என் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். அவற்றைச் சுற்றியிருந்த முருகைக்கல்லைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்குமாகப் பல்லாண்டு வெட்டி எடுத்தோம். அலையைத் தடுத்த அரண் போனதும், கரை அரித்து இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. 1986இல் அது கடல்சார் தேசியப் பூங்கா ஆயிற்று. இப்போது தூத்துக்குடி ஆராய்ச்சியாளர்கள் கடலுக்கு அடியில் பவளக் கிளைகளைக் கட்டி நட்டு வளர்க்கிறார்கள். நாங்கள் சோடா பாட்டிலில் செய்த வேலையை அவர்கள் கடலில் செய்கிறார்கள்.

ஆனால் கடலுக்குள் விளக்கைக் குறைக்க முடியாது. தண்ணீர் மாற்ற முடியாது. எங்கள் தொட்டி தவித்த அதே 2024இல்தான், உலகம் முழுவதும் பவளங்கள் வெளிறுவது நான்காவது முறையாக நடக்கிறது என்று ஏப்ரல் மாதம் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். அந்த ஆண்டு கோடையில் லட்சத்தீவிலும் மன்னார் வளைகுடாவிலும் வெளிறின. அங்கே போய் யார் பாலாடையில் புகட்டுவது?

மும்பையிலும் பவளம் உண்டு என்றால் பலர் நம்புவதில்லை. கடற்கரைச் சாலை போட்டபோது, 2020இல் வொர்லி, ஹாஜி அலி பாறைகளில் இருந்த பவளங்களை அனுமதி பெற்றுப் பெயர்த்து வேறு கரைகளுக்கு மாற்றினார்கள். கலங்கிய நீரிலும் பிழைத்துக் கிடந்தவை அவை. நன்றாக வடிகிற வற்றத்தில் பாறைக் குட்டைகளை எட்டி நின்று பாருங்கள். கையளவு கூடத் தேறாத, கல் போன்ற ஒன்று தெரிந்தால் மிதிக்காமல் தாண்டிப் போங்கள். பிளாஸ்டிக்கைக் கடலில் போடாதீர்கள். நம்மால் முடிந்த பத்தியம் அவ்வளவுதான்.

ஞாயிறு தோறும் பேரன் தொலைபேசியில் கூப்பிடுகிறான். எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்பதற்கு முன்னால், அந்த வெள்ளை இடத்தின் அளவைச் சொல்லிவிடுகிறான். நானும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு வருகிறேன்.